ஆரஞ்சுத் தண்ணி குடித்தவர்கள் சொன்னது

என் அண்ணனுக்குத் தம்பிராஜா என்று பெயர். பெயரில்தான் தம்பி. வீட்டில் மூத்தவர், வீம்பிலும் மூத்தவர். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம், தீபாவளி முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டனுப்பினார். பெரிய கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பழைய செருப்பைத் தூக்கிப் போடுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார்:

"சந்திரமதி, பொங்கலோட ஒன் கடைய மூடிரலாம்னு முடிவாயிருச்சு."

"யாரு முடிவு பண்ணுனது?"

"வாடிக்கையாளருங்க."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் வாடிக்கையாளர்கள் என் கடையை மூடச் சொன்னார்களா? காலையில் கூட என்னோடு சண்டை போட்டுவிட்டுப் புளி வாங்கிக்கொண்டு போனார்களே!

எங்கள் அப்பா இரண்டு மளிகைக் கடை வைத்துவிட்டுப் போனார். பெரியது ஜாலான் பெண்டஹாராவில், சிறியது காஜா பேராங்கில், சிட்டிமார் குடியிருக்கிற கம்பத்தை ஒட்டி. இரண்டும் அண்ணன் பெயரில். சிறியதைக் கல்யாணமான நாளிலிருந்து நான்தான் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் சுப்பையன் தண்ணீர் ஆபீசில் வேலை பார்க்கிறார், அவர் சம்பளத்தில் அடுப்பு எரியும். கடை இல்லாவிட்டால் நாங்கள் பட்டினி கிடக்க மாட்டோம், அது எனக்கும் தெரியும். ஆனால் வெளியே போனால் நான் சுப்பையன் பெண்டாட்டி, தம்பிராஜா தங்கச்சி. அந்தக் கடைக்குள்தான் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க நான் என்ன பைத்தியமா?

இந்த வினையை வாங்கிக்கொண்டு வந்தவன் கணேசமூர்த்தி, அண்ணியின் தம்பி. சிங்கப்பூரில் ஒரு சோப்புக் கம்பெனியில் இருந்தவன். அந்தக் கம்பெனி வீடு வீடாக ஆள் அனுப்பி, எந்தச் சோப்பு பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேட்டு, அதை வைத்துத்தான் அடுத்த வருஷம் என்ன செய்வது என்று திட்டம் போடுமாம். "கேக்காம யாவாரம் பண்றது கண்ணக் கட்டிக்கிட்டுச் சைக்கிள் ஓட்டுற மாதிரி, அத்தான்," என்றிருக்கிறான். அண்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று. நாட்டுக்கே ஐந்தாண்டுத் திட்டம் இருக்கும்போது நம் கடைக்கு ஒன்று வேண்டாமா என்று கிளம்பிவிட்டார்.

தீபாவளிக் கூட்டத்தில் பெரிய கடையில் காற்றாடிக்குக் கீழே ஒரு மேசை. மேசையில் கணேசமூர்த்தி, கழுத்தில் டை. பக்கத்தில் ஐஸ் போட்ட வாளியில் ஆரஞ்சுத் தண்ணிப் போத்தல்கள். சாமான் வாங்கியவர்களை உட்காரவைத்து, போத்தலைத் திறந்து கையில் கொடுத்து, அவர்கள் குடித்து முடிக்கிற வரைக்கும் கேள்வி. கடை திருப்தியா? சாமான் திருப்தியா? காஜா பேராங் கடையை மூடிவிட்டு இதைப் பெரிதாக்கினால் உங்களுக்குச் சிரமம் உண்டா?

"ஒருத்தர் கூடச் சிரமம்னு சொல்லலக்கா," என்றான் கணேசமூர்த்தி. "ஒங்க கம்பத்து ஆளுங்களையும் கேட்டேன். பக்கத்துல துணி எடுக்க வந்தப்போ இங்கயும் வந்தாங்க. நியோன்யா சிவகாமியும் சொல்லிட்டாங்க, ஒண்ணும் செரமம் இல்லையாம்."

சிவகாமியுமா!  அண்ணனிடம் அப்போது ஒன்றும் பேசாமல் நேரே கம்பத்துக்கு நடந்தேன். நான் பேசாமல் போனால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று அண்ணனுக்குத் தெரியும். இருந்தும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிவகாமி சிட்டிக்காரி, எந்தக் காலத்திலோ இந்த ஊருக்கு வியாபாரம் செய்ய வந்து தங்கிவிட்ட தமிழர்களின் வம்சம். கோயிலுக்குப் போவாள், விபூதி பூசுவாள், தீபாவளிக்கு எண்ணெய் தேய்ப்பாள், ஆனால் பேச்சு முழுக்க மலாய். ஊரார் மரியாதையாக நியோன்யா என்பார்கள், நான் அத்தை முறையில் பீபிக் என்று கூப்பிடுவேன், வயதில் பெரியவள். நான் போனபோது சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாய் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

"பீபிக், என் கடைய மூடுனா ஒனக்குச் செரமம் இல்லன்னு சொன்னியாமே?"

"சொன்னேன்."

"ஏன்?"

அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "பின்ன என்ன சொல்லச் சொல்ற? அந்தப் பையன் டை கட்டிக்கிட்டு, நாற்காலி போட்டு, ஜில்லுனு தண்ணி குடுக்குறான். ஒருத்தர் வீட்டுத் தண்ணியக் கையில வச்சிக்கிட்டு அவங்க செய்யிறது சரியில்லன்னு சொல்றதா? என்னை எங்கம்மா அப்படியா வளத்தா?"

"அதுக்காக என் கடைய மூடச் சொல்லிருவியா?"

"நீ மூட மாட்டேன்னு தெரியும். அதான் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கை நனைத்த இடத்தில் குறை சொல்லக் கூடாது, இந்த ஊரில் அதுதான் பழக்கம். தமிழர், சிட்டி, யாரானாலும் அப்படித்தான். சோறு குழைந்திருந்தாலும் நல்லா இருக்கு என்போம், வாசல் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறப்போம். சோப்புக் கம்பெனிக்காரன் வீட்டுக்குப் போய்க் கேட்டான், ஒன்றும் கொடுக்காமல் கேட்டான். இந்தப் புத்திசாலி குடிக்கக் கொடுத்துவிட்டுக் கேட்டிருக்கிறான்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள் சிவகாமி, குரலைத் தாழ்த்தி. "பெரிய கடைக்கு எப்படி வர்றது? ஒன் அண்ணன் நெத்தி நிறையப் பட்டை, பின்னால முருகன் படம், ஊதுபத்திப் பொக. அவருகிட்டப் போயி எனக்குப் பிலாச்சான் வேணும்னு கேக்கச் சொல்றியா?"

விஷயம் அங்கேதான் இருந்தது. பிலாச்சான் என்றால் கூனி இறாலை உப்புப் போட்டு இடித்து வெயிலில் காயவைத்த கட்டி. அது இல்லாமல் கம்பத்தில் ஒரு சம்பல் கிடையாது, ஒரு குழம்பு கிடையாது. நாற்றம் தெருக்கோடி வரைக்கும் வரும், நான் மறுக்கவில்லை. பெரிய கடையில் அது நுழையக் கூடாது. அண்ணனுக்கு என் கடை மேல் ஆரம்பத்திலிருந்தே கசப்பு. சைவக் கடைக்காரர் பெற்ற பெண் பிலாச்சான் விற்கிறாள் என்று நாலு பேர் சொல்லிவிட்டார்களாம். ஆக என்னிடம் எதற்காக வருகிறார்களோ, அதை அவர் முன்னால் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிறகு எப்படி வரும் கருத்து?

மறுநாளே பெரிய கடைக்குப் போனேன். வாளியில் இன்னும் போத்தல்கள் மிச்சமிருந்தன. நானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"என்னா பண்ற?" என்றார் அண்ணன்.

"நானும் கருத்துக் கேக்கப் போறேன்."

செமாபோக்கிலிருந்து வந்த ஒரு பென்ஷன்காரர், பெருங்காயம் வாங்க வந்தவர். உட்காரவைத்துப் போத்தலைக் கொடுத்தேன். இரண்டு மடக்கு உள்ளே போகட்டும் என்று காத்திருந்தேன்.

"ஐயா, இனிமே இந்தக் கடையில மிளகா, மல்லி ஒண்ணும் விக்கப் போறதில்ல. சைக்கிள் டயர் மட்டும் விக்கலாம்னு இருக்கோம். ஒங்களுக்கு எப்படி?"

அவர் போத்தலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "நல்லதும்மா," என்றார். "டயரும் மனுஷனுக்கு வேண்டியதுதானே."

"செரமம் ஒண்ணும் இல்லையே?"

"சே சே! என்னா செரமம்?"

அடுத்து செங்கிலிருந்து பூங்காவனம் என்று ஒரு அம்மா, கையில் பிள்ளையோடு. அவளுக்கும் ஆரஞ்சுத் தண்ணி, அவளுக்கும் டயர். "அண்ணன் எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு மிச்சத்தைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்தாள். கணேசமூர்த்தியின் முகம் காது வரைக்கும் சிவந்துபோயிற்று. கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பி நின்றுகொண்டு சிரித்தார்கள்.

"பாத்தீங்களாண்ணே? போட்டுருங்க டயர்க் கடை. ஐந்தாண்டுத் திட்டம்!"

அண்ணனுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. மெதுவாகப் பேசுவார், அதுதான் மோசம். "கூத்தடிச்சது போதும். நீ ஆயிரம் சொல்லு, வாயில்லாத ஆளுங்களா அவங்க? ஒன் கடைய மூடுனா எனக்குச் செரமம்னு என் மூஞ்சிக்கு நேரா ஒரே ஒரு ஆளு சொல்லட்டும். கடைய ஒங்கிட்டயே விட்டுர்றேன். இல்லாட்டிப் பொங்கலுக்கு முன்ன சாவி என் கையில இருக்கணும்."

"முருகன் படத்துக்கு முன்னால சொல்லிட்டீங்க."

"சொல்லிட்டேன்."

வாக்கை வாங்கிவிட்டேனே தவிர, அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பத்தையே கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தலாம். போனதும் என்ன ஆகும்? கையைக் கட்டிக்கொண்டு, தவுக்கே, முதலாளி, சுகமா என்று கேட்டு, ஒன்றும் சிரமமில்லை என்பார்கள். மூலூட் மானிஸ் என்பார்கள் மலாயில், இனிக்கப் பேசும் வாய். அந்த இனிப்பே என் கடைக்கு எமன். இந்த ஊரில் ஒருத்தர் மனதில் இருப்பது வெளியே வர வேண்டுமென்றால் அவருக்குக் கோபம் வர வேண்டும். கோபம் வர வைப்பது எனக்குக் கைவந்த கலை.

பொங்கலுக்கு முதல் நாள் சிட்டிமார் வீடுகளில் பார்ச்சு. இறந்துபோன தாய் தகப்பன், தாத்தா எல்லோருக்கும் வாழை இலை போட்டுப் படைப்பார்கள். அவரவர் உயிரோடிருந்தபோது ஆசைப்பட்டுச் சாப்பிட்டதெல்லாம் இலையில் இருக்க வேண்டும். பார்ச்சுக்கு முந்திய நாள் காலையில் என் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. அந்த நாள் பார்த்துக் கடையை மூடினேன். வாசலை அடைக்கிற பலகை எல்லாவற்றையும் போட்டு, வெளியே சுண்ணாம்பால் தமிழிலும் மலாயிலும் எழுதினேன்: கடை மூடியாகிவிட்டது, இனிமேல் கிடையாது.

"அடியே, நாளைக்கு அவங்க செத்தவங்களுக்குப் படைக்கிற நாளு," என்றார் என் வீட்டுக்காரர். "பாவம் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். எனக்குத் தெரியாதா? என் நெஞ்சு அடிச்சிக்கிறது ஒங்களுக்குக் கேக்கலையா?"

அவர் வேலைக்குப் போனார். நான் அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன், சாவியை வாங்கிக்கொள்ள வரச் சொல்லி. மச்சினனையும் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். இரண்டு பேரையும் உள்ளே மிளகாய் மூட்டை மேல் உட்காரவைத்தேன்.

"சாவி எங்க?"

"தர்றேன். கொஞ்சம் பேசாம உக்காருங்க."

முதலில் செருப்புச் சத்தம். அப்புறம் யாரோ சுண்ணாம்பு எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அப்புறம் வந்தது பாருங்கள்!

"அப்பா பாசால் தூத்துப்?" ஏன் மூடினாள் என்று ஒரு குரல். பலகையில் தட்டல். "இவளுக்கு இன்னிக்குத்தான் மூடத் தெரிஞ்சுதா?" "எங்கப்பனுக்குச் சம்பல் வைக்கணுமே, பிலாச்சானுக்கு நான் எங்க போவேன்?" "பெரிய கடைக்குப் போ." "அங்க போயி அந்தப் பட்டைக்காரர்கிட்டப் பிலாச்சான் கேக்கவா? நீ போ!" எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

கணேசமூர்த்தி பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தவன், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவம், சிங்கப்பூரில் யாரும் இப்படிக் கருத்துச் சொன்னதில்லை போலிருக்கிறது.

வெளியே கூட்டம் பெருத்தது. இப்போது பேச்சு என் மேல் திரும்பிற்று. இவள் காக்கவைப்பாள். ஒருத்தி வீட்டுக் கதையை இன்னொருத்தியிடம் சொல்லுவாள். இவள் வாயில் மிளகாய் அரைக்கலாம். நான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பேசு, நன்றாகப் பேசு, அண்ணன் காதில் விழட்டும் என்று பொறுத்தேன். அப்போது சிவகாமியின் குரல், தெளிவாக:

"புளி வேற முழுக்கக் கொட்டை."

அவ்வளவுதான். கடை போனாலும் போகட்டும், கொட்டையெடுக்காத புளியை நான் விற்றதே கிடையாது! ஒரு பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தலையை நீட்டினேன். "யாரு சொன்னது? எந்த வாயி சொன்னது?"

எல்லாம் கெட்டுப்போயிற்று. பலகை போன இடைவெளியில் அண்ணனும் தெரிந்தார். ஒரு நொடியில் அத்தனை வாய்களும் மூடிக்கொண்டன. சிவகாமி கெபாயாவை இழுத்து நேராக்கிக்கொண்டு, அழகாகச் சிரித்து, "தவுக்கே, சுகமா?" என்றாள்.

அண்ணன் எழுந்து முன்னால் வந்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மரியாதையாகக் கேட்டார்: "நியோன்யா, இந்தக் கடைய மூடிட்டா ஒங்களுக்குச் செரமமா?"

"ஐயோ, இல்ல தவுக்கே," என்றாள் சிவகாமி. பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள். "பரவால்ல, பரவால்ல."

அண்ணன் திரும்பி என் முன்னால் கையை நீட்டினார். சாவி என் இடுப்பில் இருந்தது.  என் வாயால் நானே கெடுத்தேன், இனி என் வாய்தான் காப்பாற்ற வேண்டும்.

"சரிதான்," என்றேன் சத்தமாக, மலாயில். "பீபிக்குக்கு எதுக்குப் பிலாச்சான்? அவ வைக்கிற சம்பலுக்கு அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அவ புருஷன் உயிரோட இருந்தப்பவே தொட மாட்டாரு. செத்தப்புறமா வந்து திங்கப் போறாரு?"

கூட்டத்தில் ஒருத்தி "ஆத்தாடி" என்றாள். சிவகாமியின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"என்ன சொன்ன? என் சம்பலையா? என் புருஷன் சாகுறதுக்கு முதல் நாள் கூட என் சம்பல் கேட்டு வாங்கித் தின்னவரு! அந்தப் பிலாச்சான் ஒன் கடைப் பிலாச்சான்! இந்த நாலு தெருவுல வேற எங்கயாவது அந்த வாசனை உண்டா? ஒன் அண்ணன் கடையில ஊதுபத்தி இருக்கு, கற்பூரம் இருக்கு, எனக்கு வேண்டியது ஒண்ணு கூட இல்ல. நாளைக்கு என் புருஷன் எலையில நான் எதை வைப்பேன்? ஊதுபத்திய வைக்கவா?" சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினாள். மூச்சு வாங்கிற்று. "செரமமான்னு கேட்டீங்களே தவுக்கே. செரமம்தான்! பெரிய செரமம்! கடைய மூடுனா ஒங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன்!"

"நானும்," என்றாள் இன்னொருத்தி. "நானும்தான்," என்றார்கள் பின்னால். ஆரம்பித்துவிட்டால் நிற்குமா? பெரிய கடையில் நிறுவை மோசம், மல்லி பழசு, கேட்டால் முறைக்கிறார்கள், இத்தனை நாள் சொல்லாததெல்லாம் வந்தது. தீபாவளிக்கு ஒரு வார்த்தை வராத வாயெல்லாம் அவை. கணேசமூர்த்தி இப்போதுதான் பென்சிலை உபயோகித்தான், எழுதி எழுதிக் கை வலித்திருக்கும்.

 அண்ணன் வீம்புக்காரர், பொய்க்காரர் இல்லை. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"முருகனுக்கு முன்னால சொல்லிட்டேன். கடை ஒனக்குத்தான்," என்றார் என்னிடம். உடனே மறுபடி நிமிர்ந்தார். "ஆனா என் பேர்ல பிலாச்சான் யாவாரம் நடக்கக் கூடாது. பேர்ப்பலகைய எறக்கிட்டு ஒன் பேரப் போட்டுக்கோ. பெரிய கடையில இருந்து இனிமே ஒரு மூட்டை வராது. நீயே பாசார்ல வாங்கிக்கோ. வெல ஏறும்." கூட்டத்தைப் பார்த்தார். "வெல ஏறுனா வருவீங்களா? இப்ப சொல்லுங்க, இப்பத்தான் வாய் தொறந்திருக்கே!"

இது நியாயமான கேள்வி, நான் ஒப்புக்கொள்கிறேன். கணேசமூர்த்தி கேட்டதை எல்லாம் விட நல்ல கேள்வி.  ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். கூலிக்காரர், குமாஸ்தா குடும்பங்கள், ஒரு சதம் ஏறினாலும் யோசிக்கிறவர்கள். நான் ஒருத்தரையும் பார்க்கவில்லை. கெஞ்சுகிற கண்ணோடு பார்த்தால் அதுவும் ஒரு ஆரஞ்சுத் தண்ணிதான்.

சிவகாமிதான் பேசினாள். கோபம் இன்னும் ஆறவில்லை.

"ஏறுனா ஏறட்டும், வருவேன். எனக்கு வேண்டியது இங்கதான இருக்கு," என்றாள். "ஆனா ஒண்ணு, தவுக்கே. இவ வாயக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க. மனுஷியால தாங்க முடியல."

"ஆமா, ஆமா," என்றது கூட்டம் முழுவதும், ஒரே குரலில். அந்தக் காலையில் அவர்கள் எல்லோரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். உதட்டோரம் துடித்தது. "கேட்டுக்கிட்டியா? வாடிக்கையாளர் கருத்து."

"கேட்டேன்," என்றேன். பெயர்ப்பலகை என் பெயரில் வரப்போகிறது. அடுத்த பலகையைப் பிடித்து இழுத்தேன். "புளியில கொட்டை இருந்தா எடுக்குறேன். காக்க வைக்காம சாமான் தர்றேன். வெல ஏறாமப் பாக்க என்னால ஆனதச் செய்யிறேன். வாய் மட்டும் கொறையாது. வேணும்னா வாங்க, வேணாட்டிப் போங்க."

ஒருத்தி கூடப் போகவில்லை.